பெயரளவில் ஒரு தந்தை

புறநானூற்றில் பொன்முடியார் என்னும் புலவர் ஒரு மகன் ஆளாவதற்கு வேண்டிய கடமைகளைப் பங்கிட்டுக் காட்டுகிறார். பெற்று வளர்ப்பது தாயின் பங்கு. பண்புடையவனாக்குவது தந்தையின் பங்கு. பட்டியல் வீட்டோடு நின்றுவிடவில்லை. கொல்லனுக்கும் அரசனுக்கும் அதில் பங்குண்டு. அது போர்க்காலப் பாட்டு. மகளைப் பற்றி ஒன்றும் பேசாதது. எனினும் தந்தையின் கடனையும் அரசின் கடனையும் அருகருகே வைத்துப் பார்த்த அந்த நோக்கு இன்றைக்கும் நமக்கு வேண்டியதாயிருக்கிறது. ஈஜிபுராவில் வாழும் நமக்கு இவ்வெண்ணம் அடிக்கடி எழுவதற்குக் காரணமுண்டு.

கோரமங்கலத்துக்கும் விவேக் நகருக்கும் அண்டையில் உள்ளது ஈஜிபுரா. 1997-ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டுப் போட்டிக்கென எழுந்த அடுக்குமாடிகள் அருகே நிற்க, இப்பால் வண்டி திரும்ப இடமில்லாத சந்துகள். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து வந்த இளைஞர்கள் இங்கே கொத்து வேலை செய்கிறார்கள், டைல்ஸ் பதிக்கிறார்கள், ஆட்டோ ஓட்டுகிறார்கள். இருபத்தைந்து வயதுக்குள் தந்தையாகிவிட்டவர்கள் பலர். மாலையில் கைக்குழந்தையை இடுப்பில் ஏந்திப் பெட்டிக்கடைக்கு நடப்பவர்களும், வியாழக்கிழமைகளில் விவேக் நகர் குழந்தை ஏசு ஆலயத்துக் கூட்டத்தில் பிள்ளையைத் தோளில் சுமந்து நிற்பவர்களும் இவர்கள்தாம்.

இவர்களையே அங்கன்வாடியின் வாயிலில் காண்பது அரிது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வரிசையிலும் தாய்மாரும் பாட்டிமாருமே நிற்கிறார்கள். 'அக்கறையற்ற ஆண்கள்' என்று சொல்லிவிடுவது எளிது. நாம் அதனை முழுதும் ஏற்பதற்கில்லை. அங்கன்வாடி மூடும் வேளையில் தந்தை சாரத்தின்மேல் நிற்கிறார். தடுப்பூசியோ பிறந்தவுடன், பின்னர் 6, 10, 14-ஆம் வாரங்களில், அதன்பின் 9-ஆம் மாதத்தில் என்று வருகிறது. அந்நாள்களில் உடன் செல்லும் தந்தைக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாட்கூலி போயிற்று.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கியது. குழந்தையையும் கருவுற்ற பெண்ணையும் பாலூட்டும் தாயையும் முன்வைத்தே அது அமைந்தது. 2017-இல் கர்நாடக அரசு தொடங்கிய மாத்ருபூர்ணா திட்டம் தாய்க்குச் சூடான உணவளித்தது. கருவுற்றவளுக்கு இம்மாநிலத்தில் வழங்கும் அட்டைக்கே 'தாயி கார்டு' என்று பெயர். இவையெல்லாம் அறத்தின்பாற்பட்டவை, பசித்தவளுக்கே முதற்பந்தி. ஆனால் தந்தையின் பெயரை ஏட்டில் எழுதிக்கொள்வதோடு அவருடைய பங்கு முடிந்துவிடுகிறதே என்பதுதான் நம் வருத்தம்.

இதன் விளைவை நம் தெருவிலேயே கண்டோம். முதற்பேறு தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். டைல்ஸ் பதிக்கும் இளைஞர் ஒருவரின் மனைவி, வளைகாப்பு முடிந்ததும் கிருஷ்ணகிரிப் பக்கம் உள்ள பிறந்தகம் சென்றார். கருவுற்றதைப் பதிந்தது இங்கே, மகப்பேறு அங்கே. தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்குக் கர்ப்பப் பதிவெண் கேட்டார்கள். குழந்தை இங்கு திரும்பியதும், போட்ட ஊசிகளுக்குக் கணக்குக் கேட்டார்கள். ஓசூர் வழியாகப் பேருந்தில் தாள்களைச் சுமந்து அலைந்தவர் தந்தையே. தேநீர்க் கடைப் பலகையில் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து நம்மிடம் காட்டி, "ரெண்டு ஊர்லயும் என் பொண்ணு பேரு இருக்குண்ணா, ஆனா ரெண்டு ஊர்க்காரங்களும் அங்க போய்க் கேளுன்னுதான் சொல்றாங்க" என்றார்.

எந்தத் தாளுக்கு எத்தனை நகல், எந்த நாளில் எவர் இருக்கையில் இருப்பார், எதனை முதலில் வாங்கினால் மற்றது எளிதாகும் என்பதையெல்லாம் அவர் தாமே கற்றார். அடுத்துத் தந்தையாகவிருந்த மூவருக்குக் கற்பித்தும் விட்டார். சேவை எங்கே அறுந்து தொங்குகிறது என்பதை அவரைவிட அறிந்தவர் யார்? ஆயினும் அவரை அழைத்து, 'இதனை எப்படிச் செம்மை செய்யலாம்?' என்று எந்த அலுவலகமும் கேட்டதில்லை.

கதவைத் திறந்து வைத்தால் மட்டும் தந்தையர் வந்துவிடுவதில்லை என்பதற்கு ஸ்வீடன் சான்று. பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ளத்தக்க விடுப்பை அந்நாடு 1974-இலேயே அளித்தது. எடுத்துக்கொண்ட தந்தையர் சிலரே. 1995-இல் ஒரு மாதத்தைத் தந்தைக்கென்றே ஒதுக்கி, அவர் எடுக்காவிடில் அது வீணாகும் என்று வகுத்த பின்னரே நிலைமை மாறிற்று. நம் நாட்டிலும், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தில்லியின் இ.எஸ்.ஐ. மருந்தகங்கள் சிலவற்றில் கணவரையும் முறையாக அழைத்து, இருவருக்கும் சேர்த்து ஆலோசனை கூறிப் பார்த்தார்கள். அழைப்பு வந்தபோது பலர் வந்தனர். குடும்பநலம் பற்றிக் கணவனும் மனைவியும் தம்முள் பேசிக்கொள்வதும் கூடிற்று. மத்திய அரசு ஊழியருக்கு 1997 முதல் தந்தைமை விடுப்பு 15 நாள் உண்டு. சாரத்தின்மேல் நிற்பவரை அது தொடவில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. "நாங்க நாலு பேரு மனசு விட்டுப் பேசறது அந்த அங்கன்வாடியிலதான், அங்கயும் ஆம்பளைங்க வந்து உக்காந்துட்டா?" என்று அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. குடித்துவிட்டுக் கைநீட்டும் கணவனிடமிருந்து ஒதுங்க ஒரு பெண்ணுக்கு அவ்விடம் நிழலாகவும் இருக்கக்கூடும். எனவே பெண்களின் நேரத்தை ஆடவருக்குப் பங்கிடுவதன்று நாம் வேண்டுவது. மாதத்தில் ஒரு ஞாயிறு காலையோ, ஒரு மாலையோ தந்தையருக்கெனத் தனியே ஒதுக்கலாம். குழந்தையின் எடை, ஊசி, உணவு பற்றி அன்று அவர்களுக்குச் சொல்வதோடு, அவர்கள் சொல்வதையும் எழுதிக்கொள்ள வேண்டும். அங்கன்வாடியை ஒட்டிய ஊர்க்குழுவில், அண்மையில் தந்தையானவர் இருவருக்கேனும் இருக்கை வேண்டும். அவர்கள் முன்வைக்கும் குறைக்கு என்ன செய்யப்பட்டது என்பதை அடுத்த கூட்டத்தில் சொல்ல வேண்டும். இன்றேல் கேட்டதும் வெறும் சடங்காகிவிடும்.

தமிழன்பர்களுக்கும் இதில் பணியுண்டு. படிவங்கள் கன்னடத்தில் இருக்கின்றன. நம் இளைஞருள் பலர் அம்மொழியைப் பேசுவரேயன்றி எழுத்தறியார். வார இறுதியில் இரண்டு மணி நேரம் உடனமர்ந்து படித்துக் காட்டவும் நிரப்பித் தரவும் நம்மால் இயலும். பண்டை இலக்கியத்தைப் போற்றும் நாம், அது தந்தைக்கு வகுத்த கடனை அவர் ஆற்ற வழிசெய்து கொடுப்பதும் தமிழ்ப்பணியேயாகும். கடமையை மறந்தான் என்று ஓர் இளம் தந்தையைப் பழிப்பதற்கு முன், அதனைச் செய்ய ஒரு நாளும் ஓர் இடமும் அவருக்குத் தந்தோமா என்று கேட்டுக்கொள்வது முறையன்றோ?