மனசுக்கு ஒரு ஸ்டாப்வாட்ச்

அன்புள்ள செல்விக்கு,

அக்கா எழுதுவது. "மனசைப் போய் ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்கிறார்கள், இந்த உளவியலெல்லாம் ஒரு படிப்பா" என்று அலுத்துக்கொண்டாயே, அதற்குப் போனில் பதில் சொன்னால் சண்டையில்தான் முடியும்; அதனால்தான் இந்தக் கடிதம்.

யோசிக்கிற ஆளையே கேட்டால் போதாதா என்கிறாய். அப்படிக் கேட்டுப் பார்த்தவர்களும் உண்டு. நூறு வருஷத்துக்கும் முன்னால் ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் உளவியலாளர்கள், மனசில் எந்தப் படமும் இல்லாத சிந்தனை உண்டு என்றார்கள். அமெரிக்காவில் உளவியலாளர் டிச்னர், கிடையாது என்றார். அடுத்தவன் மனசுக்குள் எட்டிப்பார்த்துத் தீர்ப்புச் சொல்ல யாரால் முடியும்?

அதற்கும் முன்பே, 1868-இல், ஹாலந்துக் கண் மருத்துவர் டாண்டர்ஸ் வேறு வழி காட்டியிருந்தார். காலில் லேசாக மின்சாரம் பட்டதும், அதே பக்கத்துக் கையை அசைக்க வேண்டும். எந்தக் கால் என்று முன்பே தெரியாவிட்டால் 1/15 விநாடி கூடுதலாக ஆனது. ஒரு நேரத்திலிருந்து மற்றதைக் கழித்து, தீர்மானிக்கப் பிடித்த நேரம் அதுதான் என்றார். புதிதாக ஒரு வேலையைச் சேர்த்தால் மற்ற வேலைகளும் மாறாதா என்று பின்னால் வந்தவர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

எனக்குப் பிடித்தது 1971-இல் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்தது. பத்துக் கனசதுரங்களை ஒட்டி முறுக்கிய உருவங்கள், இரண்டிரண்டாக. ஒரே உருவம்தான் திரும்பி நிற்கிறதா, இல்லை கண்ணாடிப் பிம்பமா? அதற்கேற்ற நெம்புகோலை இழுக்க வேண்டும். எட்டே பேர், ஆளுக்கு 1600 ஜோடிகள். ஒரே உருவமாக இருந்தபோது, கோணம் கூடக் கூட நேரமும் நேர்கோடாக ஏறியது. திருப்பம் இல்லாதபோது சுமார் ஒரு விநாடி, 180 பாகையில் நாலு விநாடிக்கு மேல். விநாடிக்கு ஏறக்குறைய 60 பாகை வீதம் மனசுக்குள் எதையோ சுழற்றுகிறார்கள்! அந்த 'எதையோ' நிஜமாகவே படம்தானா என்று பிலிஷின் போன்ற ஆய்வாளர்கள் பிறகு பெரிய சண்டையே போட்டார்கள். ஆனால் அந்த நேர்கோட்டை யாராலும் அழிக்க முடியவில்லை.

அடுத்த வாரப் பிராக்டிகலில் ஸ்ட்ரூப் சோதனை என்றாயே, வார்த்தையைப் படிக்காமல் அது எழுதப்பட்ட மையின் நிறத்தைச் சொல்ல வேண்டியது. ரெக்கார்டு நோட்டில் நேரத்தை மட்டும் எழுதாதே, தப்புகளின் எண்ணிக்கையையும் பக்கத்திலேயே எழுது. அவசரப்பட்டுத் தப்பாகச் சொல்கிறவளின் நேரமும் குறைவாகத்தான் வரும்.

அன்புடன்,
அக்கா