குழலை அளந்த பிறகுதான் கருவி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நவம்பர் கடைசியில் ஒன்பது நாள் துப்பாக்கியால் மான் வேட்டையாட அரசு உரிமம் தருகிறது. மக்காச்சோளத்தை மேய்ந்து கொழுத்த மான். ஒன்று கிடைத்தால் பல மாதத்துக்கு வீட்டில் இறைச்சி இருக்கும். அங்கே துப்பாக்கிக் குண்டை வீட்டிலேயே வார்ப்பதும் சட்டப்படி நடக்கிற வேலை. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா செய்வதே குற்றம்.

அந்த ஊர்ப் பால்பண்ணைக்காரர் ஒருவர், வயது அறுபதைத் தாண்டியவர், தாத்தா காலத்துத் துப்பாக்கிக்கு ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்தார். வார்த்த குண்டை அப்படியே போட முடியாது. எஃகு டைக்குள் தள்ளி ஒரே பருமனுக்குக் கொண்டுவர வேண்டும். அதன் இடுப்பில் உள்ள காடிகளில் மெழுகு மசகு நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஈயம் குழலில் ஒட்டிக்கொள்ளும்.

ஏலத்தில் ஒரு பழைய கருவி வாங்கினார். நெம்புகோலை இறக்கினால் குண்டு அளவுக்கு வரும், மசகும் ஏறும். ஒரே இழுப்பில் இரண்டு வேலை. கூடவே வந்தது 0.308 அங்குல டை. புத்தகத்திலும் குழல் அளவு அதுதான் என்பதால் யோசிக்கவில்லை.

அந்த நவம்பரில் குண்டு மானின் தொடையில் பட்டது. பேரனும் அவரும் இருட்டும்வரை ரத்தத்துளியைப் பார்த்துக்கொண்டே போனார்கள். சதுப்பில் தடம் அழிந்துவிட்டது. அந்த வருடம் அவர் மறுபடி துப்பாக்கியைத் தொடவில்லை. குளிர்காலத்தில் குழலைத் துடைத்தபோது தூரிகையில் ஈயச் சுருள்கள் வந்தன.

பிறகுதான் அளந்தார். எண்ணெய் தடவிய மெத்தென்ற ஈயத்துண்டைக் குழலுக்குள் தட்டி மறுபக்கம் எடுத்து, மைக்ரோமீட்டரில் பிடித்தார். 0.3095 அங்குலம். பழைய குழல் தேய்ந்திருந்தது. வித்தியாசம் தலைமுடியின் பாதிப் பருமன்தான். அந்தச் சந்தில் வெடிவாயு புகுந்து குண்டின் பக்கத்தை உருக்கிக் குழலில் பூசியிருக்கிறது. வார்த்த குண்டு குழலின் வரிப்பள்ள அளவைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ கூடுதலாக இருக்க வேண்டும். கிணற்றின் ஆழம் பார்க்காமல் மோட்டார் வாங்கிய கதைதான்.

0.311 டை வாங்குவது என்று முடிவானது. எந்தக் கருவிக்கு? ஏலக் கருவியில் குண்டின் பருமனுக்கு ஒரு டை, மூக்கு வடிவத்துக்கு ஒரு மேல்தண்டு என்று தனித்தனியாக வாங்க வேண்டும்; கெட்டி மெழுகு என்றால் அடியில் சூடேற்றியும் வேண்டும். மணிக்கு நூற்றுக்கணக்கில் தள்ளும் விலையுயர்ந்த ஸ்டார் கருவி, ஆயிரக்கணக்கில் சுடுகிறவர்களுக்கு. இவருக்கு வருடத்துக்கு நூறு குண்டு போதும். ஏற்கெனவே இருந்த கை பிரஸ்ஸில் பொருந்தும் சின்ன 'லீ' டை ஒன்றை வாங்கினார். செலவு கொஞ்சம்தான்.

மசகுக்குப் பக்கத்துத் தேனீ வளர்ப்பவரிடம் தேன்மெழுகு கிடைத்தது. அதோடு சரிபாதி அலாக்ஸ் மசகைச் சேர்த்து உருக்கி, தட்டில் நிறுத்திய குண்டுகளைச் சுற்றி ஊற்றினார். ஆறியதும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து டைக்குள் தள்ளினார். மெதுவான வேலை, ஆனால் பனிக்காலத்தில் அங்கே பொழுதுக்கா பஞ்சம்?

முதலில் இதைச் சமையலறையில் செய்யப் பார்த்தார். மனைவி விரட்டிவிட்டார். அவர் செய்ததுதான் சரி. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். இப்போது எல்லாமே கதவு திறந்த கொட்டகையில். அந்தத் தட்டு வீட்டுக்குள் வராது. கை கழுவி, சட்டை மாற்றாமல் பேரனைத் தொடுவதில்லை.

அடுத்த நவம்பருக்கு முன் நூறு கஜத்தில் அட்டை வைத்து ஐந்து குண்டு சுட்டுப் பார்த்தார். ஐந்தும் ஓர் உள்ளங்கைக்குள் விழுந்தன. தூரிகையில் ஈயம் இல்லை. அதற்குப் பிறகுதான் வேட்டை உரிமம் வாங்கப் போனார்.