இருபது நிமிடத்தில் இமயம்

நேபாளத்தின் பொக்காரா நகருக்கும் ஜோம்சோமுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் தூரம். சிறிய விமானம் அதனை இருபது நிமிடங்களில் கடந்துவிடுகிறது. தரைவழியே சென்றாலோ 150 கிலோமீட்டருக்கும் மேல். ஜீப்பில் எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். மழைக்காலத்தில் மண் சரிந்துவிட்டால் கணக்கே கிடையாது.

பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்த திருச்சாளக்கிராமத்தை, இன்று முக்திநாத் என வழங்கும் திவ்யதேசத்தை, சேவிக்கப் புறப்படும் முதியோருக்கு இந்த இருபது நிமிடமே பெருங்கவலை.

காரணம் காற்று. 8,167 மீட்டர் உயர்ந்த தவளகிரிக்கும் 8,091 மீட்டர் உயர்ந்த அன்னபூர்ணாவுக்கும் நடுவே, சாளக்கிராம மூர்த்திகளை நமக்கு அளிக்கும் காளி கண்டகி ஆழப் பள்ளம் பறித்து ஓடுகிறாள். வெயில் ஏற ஏற, தெற்கிலிருந்து காற்று அந்தப் பள்ளத்தாக்கினூடே இரைந்து வடக்கே பாயும். ஆகவே விமானங்கள் காலை வேளையிலேயே சென்று திரும்பிவிட வேண்டும். காலையில் மேகம் மூடியிருந்தால் அன்றைய பயணம் அவ்வளவுதான்.

ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த, எழுபதைக் கடந்த தம்பதியர் இருவர் பொக்காராவில் இரண்டு விடியற்காலைகள் காத்திருந்தனர். இரண்டு நாளும் விமானம் ரத்து. மனைவியின் முழங்கால் வலியை எண்ணிக் கணவர் தயங்கினார். அம்மையாரோ, "ஏன்னா, ஜீப்பிலேயே போயிடலாம். நாளைக்கும் மேகம் விலகலைன்னா பெருமாளைச் சேவிக்காமலே திரும்பணும்" என்றார்.

உண்மையில் வயதானவர்களுக்கு அதுவும் மோசமான வழியன்று. பொக்காரா சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜோம்சோம் 2,700 மீட்டர். முக்திநாத் 3,700 மீட்டருக்கும் மேல். இருபது நிமிடத்தில் அவ்வளவு ஏறினால் மூச்சு வாங்கும். வெந்நீர் ஊற்றுகள் உள்ள தாதோபானியில் ஓரிரவு தங்கிச் சென்றால் உடல் சற்று இளைப்பாறும். இதய நோய் உள்ளவர்கள் எவ்வழியே சென்றாலும் மருத்துவரைக் கேட்டே புறப்பட வேண்டும்.

தம்பதியர் அவ்வாறே தங்கிச் சென்றனர். ஜோம்சோமுக்கு அப்பால் இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல் ஜீப். ராணிபௌவாவிலிருந்து சந்நிதி வரை அம்மையாருக்குக் குதிரை. கோயிலின் பின்னே அரைவட்டமாக அமைந்த 108 தாரைகளிலும் உறைபனி போன்ற நீர் கொட்டிக்கொண்டிருந்தது. கணவர் ஓடி ஓடி நனைந்தார். அம்மையார் ஒவ்வொரு தாரையிலும் கைநீட்டி, நீரைத் தொட்டுச் சிரசில் தெளித்துக்கொண்டார். பௌத்தர்களுக்கும் அது புண்ணியத் தலமாதலால் பௌத்தத் துறவினிகளும் அங்கே கைங்கர்யம் செய்கின்றனர்.

திரும்பும் நாளில் ஜோம்சோம் வானம் தெளிந்திருந்தது. விமானத்தின் வலப்புறச் சன்னலில் தவளகிரி வெள்ளியாய் நின்றது. அம்மையார் கைகூப்பிக் கண்மூடி, திறந்தபோது பொக்காராவின் ஏரி தெரிந்தது.

"அதுக்குள்ளேயா!" என்றார்.