பின் ஆக்சில் வரைக்கும் ஒரு டிராலி

நாமக்கல் லாரிப் பட்டறைகளில் பெரும்பாலான வேலை வானத்தைப் பார்த்த இடத்தில்தான் நடக்கிறது. சாலையை ஒட்டிய வெற்று மனை, மூலையில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் வெல்டிங் செட், கம்ப்ரசர், பூட்டுப் போட்ட இரும்பு பீரோ. லாரி கழற்றுவதும் மாட்டுவதும் வெளியே, வேப்பமர நிழல் கிடைத்தால் அங்கே, இல்லாவிட்டால் வெயிலில். 12 சக்கர வண்டி ஒன்று உள்ளே வந்து நின்றால் முன் பம்பர் கொட்டகைப் பக்கம் இருக்கும், பின் ஆக்சில் வேலியோரம் போய்விடும். சாமான் பீரோவில். வேலை பின் ஆக்சிலில். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தை இத்தனை காலமும் நடந்து தீர்த்தவர்கள் ஹெல்பர் பையன்கள்.

அந்த நடையைக் குறைக்கிற டூல் டிராலிகளைப் பார்க்கத்தான் போயிருந்தேன். திருச்சி சாலைப் பக்கம் ஹப், பிரேக் வேலைக்குப் பெயர்பெற்ற ஒரு பட்டறையில் இரண்டு டிராலிகள் இருந்தன. ஒன்று கடையில் வாங்கியது. ஏழு இழுப்பறை, பளபளக்கும் சிவப்புப் பெயின்ட், மேலே ரப்பர் விரிப்பு. அது கொட்டகைக்குள் ஓரமாக நிற்கிறது, அதன் இழுப்பறைகளில் பில் புத்தகமும் பழைய ஆயில் சீல்களும் கிடக்கின்றன. இன்னொன்று பக்கத்து வெல்டிங் பட்டறையில் செய்தது. ஆங்கிளும் தகடுமாக, அழகு என்று சொல்ல எதுவும் இல்லாதது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை லாரிக்கு லாரி போய்க்கொண்டே இருப்பது அதுதான்.

"வாங்குன பெட்டியக் கொறை சொல்ல ஒண்ணுமில்லீங்க," என்றார் தலை நரைத்த மேஸ்திரி. "டைல்ஸ் போட்ட தரையில உட்டா தானா ஓடும். கார நின்னுக்கிட்டு வேல பாக்கறவங்களுக்குச் செஞ்சது அது. நாங்க உக்காந்து பாக்கறவங்க. தரையும் இது."

அவர் சொன்ன இரண்டு விஷயத்திலும், அதாவது தரையிலும் உட்காருவதிலும், டிராலியைத் தேர்ந்தெடுக்கும் வித்தை முழுக்க அடங்கியிருக்கிறது. ஆனால் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது எத்தனை இழுப்பறை, என்ன பூட்டு, என்ன நிறம் என்பதை. சக்கரத்தைக் குனிந்து பார்ப்பவர் அரிது.

கடைப் பெட்டியின் சக்கரம் 3 அங்குலம். பட்டறைத் தரையில் ஜல்லிச் சிதறலும் வெல்டிங் துண்டும் நட்டும் கிடக்கும். அரை அங்குல உயரமுள்ள ஒரு கல்லை 3 அங்குலச் சக்கரம் ஏறிக் கடக்க, அந்தச் சக்கரத்தின் மேல் இறங்கும் எடையைவிடச் சற்று அதிகமான விசையோடு தள்ள வேண்டியிருக்கும். அதே கல்லை 8 அங்குலச் சக்கரம் அதில் பாதி விசையில் ஏறிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் வருகிற விடை இது. மேஸ்திரி கணக்குப் போடவில்லை. சிவப்புப் பெட்டி கல்லில் முட்டி நின்று, மேல் இழுப்பறை திறந்து, சாக்கெட்டுகள் மண்ணில் கொட்டியதைப் பார்த்திருக்கிறார்.

எடை விஷயத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. பெட்டி 40 கிலோ, சாமான் 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாலு சக்கரத்துக்கும் பிரித்தால் ஆளுக்கு 30 கிலோ என்று சொல்லத் தோன்றும். மேடுபள்ளத் தரையில் நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் பதிவதில்லை, ஒன்று எப்போதும் காற்றில் இருக்கும். அதனால் மொத்த எடையை மூன்றால் வகுக்க வேண்டும். சக்கரம் ஒன்றுக்கு 40 கிலோ. ஓட்டத்தில் விழும் இடியையும் சேர்த்து அதற்கு மேல் தாங்குகிற சக்கரமாக வாங்கினால்தான் தண்டு வளையாது. மலிவு டிராலிகளில் முதலில் போவது தகடோ பூட்டோ அல்ல, சக்கரத்தைப் பிடித்திருக்கும் இந்தத் தண்டும் அதன் ரிவிட்டும்தான்.

உள்ளூர் டிராலியில் கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் இரண்டு பெரிய சக்கரம், திரும்பாதவை. கைப்பிடிப் பக்கம் இரண்டு சின்னச் சக்கரம், சுழல்பவை, இரண்டிலும் பிரேக். நாலும் சுழன்றால் சரிவில் வண்டி தன் போக்கில் போகும். பெரிய சக்கரம் கெட்டி ரப்பர். காற்றடைத்த டயர் இன்னும் லேசாக உருளும், ஆனால் மேலே வைஸ் மாட்டி ஒரு போல்ட்டை முறுக்கினால் வண்டி துள்ளும், பஞ்சர் பார்க்கவும் ஒரு ஆள் வேண்டும். நைலான் சக்கரம் எடை தாங்கும், சத்தம் தாங்க முடியாது.

என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது அதன் உயரம். கடைப் பெட்டி இடுப்புக்கு மேல் வருகிறது. லிஃப்டில் காரை ஏற்றிவிட்டு நின்றபடி வேலை செய்கிறவருக்கு அது சரி. லாரியின் ஹப்பைக் கழற்றுகிறவர் தரையில் ஒரு கட்டையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அந்தப் பெட்டியின் மேல்தட்டு தலைக்கு மேல். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் எழுந்து உட்கார வேண்டும். நாள் முழுக்க இப்படி எழுந்து உட்கார்ந்தால் முழங்கால் என்ன ஆகும் என்பதை அந்தச் சாலையில் வயதான எந்த மெக்கானிக்கின் நடையிலும் பார்க்கலாம். உள்ளூர் டிராலியின் மேல்தட்டு 2 அடிக்குள் நின்றுவிடுகிறது. உட்கார்ந்தவர் கையை நீட்டினால் எட்டுகிறது. பெரிய சக்கரத்தை அடியில் வைத்தால் பெட்டி உயர்ந்துவிடும் என்பதால் இரண்டு பக்கவாட்டிலும் வெளியே தள்ளி மாட்டியிருக்கிறார்கள், மாட்டுவண்டியில் இருப்பதுபோல. பெட்டி தாழ்வாக இருப்பதால் கவிழ்வதும் குறைவு.

இழுப்பறையிலும் தரைதான் தீர்ப்புச் சொல்கிறது. கடைப் பெட்டிகளில் பால் பேரிங் வைத்த சேனல் இருக்கும், விரலால் தொட்டால் வழுக்கி வரும். நாமக்கல் புழுதி கிரீஸோடு சேர்ந்தால் அரைக்கும் மசையாகிவிடும், சில மாதத்தில் சேனல் கரகரக்கும். அதனால் இங்கே இழுப்பறையே இல்லை. ஆங்கிள் தாங்கலில் நுழைத்து இழுக்கிற 18 கேஜ் தகட்டுத் தட்டு மூன்று. தட்டைப் பிடுங்கி டீசலில் கழுவி மறுபடி நுழைக்கலாம். கெட்டுப்போக அதில் எதுவும் இல்லை. நல்ல சிமெண்டுத் தரையும் கதவும் உள்ள ஒர்க்‌ஷாப்புக்கு இதை நான் சொல்ல மாட்டேன். அங்கே சேனல் வைத்த பெட்டிதான் வேலைக்கு இதம். அதிலும் ஒரு இழுப்பறை திறந்திருக்கும்போது இன்னொன்று திறக்காதபடி தடுக்கும் அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். நிறைந்த இழுப்பறைகள் இரண்டு மூன்று சேர்ந்து வெளியே வந்தால் எடை முன்பக்கம் சாய்ந்து பெட்டி ஆளின் மேலேயே விழும்.

அடித்தட்டில் முக்கால் இஞ்ச் ராட்செட் செட், வீல் நட்டுக்கான 32, 33 சாக்கெட், சம்மட்டி, கடப்பாரை. கனமெல்லாம் கீழே. நடுத்தட்டில் அரை இஞ்ச் சாக்கெட்டுகள், புல்லர், உளி. மேல்தட்டில் ஸ்பேனர்கள் அவற்றின் இரட்டை எண் வரிசையில்: பத்து பதினொன்று, பன்னிரண்டு பதின்மூன்று, பதினாலு பதினைந்து என்று இருபது இருபத்திரண்டு வரை. ஒரு கைப்பிடிக்குப் பல சாக்கெட் என்ற ஏற்பாடு இல்லையென்றால் இந்தச் சின்ன வண்டிக்குள் இவ்வளவு அடங்காது. அமெரிக்காவில் 1920இல் ஜோசப் ஜான்சன் தொடங்கிய ஸ்னாப்-ஆன் நிறுவனம் 5 கைப்பிடியும் 10 சாக்கெட்டும் 50 ஸ்பேனரின் வேலையைச் செய்யும் என்று சொல்லித்தான் விற்றது.

பேரிங் கழுவும் டீசல் தட்டு மட்டும் வண்டியில் ஏறுவதில்லை. அதை ஏற்றினால் ஆட்டத்தில் சிந்தி, பிடிக்கிற சாமானெல்லாம் வழுக்கும் என்கிறார் மேஸ்திரி. ஜாக்கியும் தனி.

இப்போது ஹெல்பர் பையனுக்கு வருகிறேன். மீசை அரும்பிய வயது. டிராலி வருவதற்கு முன் அவன் வேலை, மேஸ்திரி எண் சொன்னதும் ஓடுவது. பீரோவுக்கு ஓடி, எடுத்து, திரும்பி வந்து நீட்டுவதற்குள் வேலையின் முக்கியமான கட்டம் முடிந்திருக்கும். ஹப் வேலையில் அந்தக் கட்டம் ஹப் நட்டை முறுக்குவது. டிரம்மைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பேரிங் உட்கார்ந்ததும் கொஞ்சம் பின்வாங்கி விட வேண்டும். அதிகம் இறுக்கினால் பேரிங் சூடேறி வழியில் பிடித்துக்கொள்ளும். தளர்ந்தால் சக்கரம் ஆடும். எவ்வளவு பின்வாங்குவது என்பதை டிரம்மை அசைத்துப் பார்த்துக் கை தெரிந்துகொள்ள வேண்டும். அதைப் பார்க்க வேண்டியவன் அந்த நேரத்தில் பீரோவுக்கும் லாரிக்கும் நடுவில் இருந்தான்.

"ஓடி ஓடித்தாங்க எங்களுக்கு சைஸ் படிஞ்சுது," என்று மேஸ்திரி சொன்னார். ஓடாத பையனுக்கு அது படியுமா என்ற சந்தேகம் அவருக்கு இன்னும் இருக்கிறது. எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. எண் வரிசையில் கண் முன்னால் கிடக்கும் தட்டு சைஸைக் கற்றுக்கொடுத்துவிடும். டிரம் ஆட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்தவனால் மட்டுமே கற்றுக்கொள்ள முடியும். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது மேஸ்திரி நட்டைப் பின்வாங்கிவிட்டுப் பையனின் கையைப் பிடித்து டிரம்மில் வைத்தார். "இப்ப ஆட்டிப் பாரு கண்ணு." பையன் ஆட்டினான். "இன்னுங் கொஞ்சம் இருக்குதுங்க." மேஸ்திரி தலையசைத்து நட்டை ஒரு பொட்டு இறுக்கினார். டிராலியால் கிடைத்த லாபம் எது என்று கேட்டால் மிச்சமான நேரத்தைவிட இதைத்தான் சொல்வேன்.

மேல்தட்டில் பழைய மட்ஃபிளாப் ரப்பரை வெட்டி, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்தில் குழி செய்திருக்கிறார்கள். குழி காலியாக இருந்தால் சாமான் இன்னும் லாரியில் இருக்கிறது என்று அர்த்தம், லாரி நகராது. விமானப் பராமரிப்பிலும் இதே முறைதான், எஞ்சினுக்குள் ஒரு ஸ்பேனர் தங்கிவிட்டால் உயிர் போகும் என்பதால். லாரியிலும் சேசிஸ் மேல் மறந்துவைத்த சாமான் நெடுஞ்சாலையில் கழன்று விழுந்தால் பின்னால் வருகிற இருசக்கர வாகனக்காரருக்கு ஆபத்து குறைவில்லை.

சாலையில் நின்றுபோன வண்டியைப் பார்க்கப் போகும்போது டிராலி உதவாது. அதற்காக மேல்தட்டின் ஒரு பாதியில் பழைய அஞ்சு தட்டு டூல் பாக்ஸையே உட்கார வைத்திருக்கிறார்கள், தூக்கிக்கொண்டு பைக்கில் கிளம்பிவிடலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேனர் மாட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு இந்த டிராலியில் இடம் இல்லை. ஸ்கேனர் கொட்டகையில், துணி சுற்றி.

அதனால் இன்னொரு உள்ளூர் டிராலிக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். வெல்டிங் பட்டறைக்காரர் சாக்பீஸால் தரையில் அளவு போட்டுக்கொண்டிருந்தார். நீளம் இரண்டரை அடி, அகலம் ஒன்றரை, பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு லாரிக்கு நடுவே நுழைய வேண்டும். ஸ்கேனருக்கு மூடி போட்ட ஒரு அறை. கைப்பிடி மடங்க வேண்டும். பையன் குனிந்து சாக்பீஸ் கோட்டைக் காட்டி, "மேல்தட்டு வெளிம்ப ஒரு இஞ்ச் ஒசத்திக் குடுங்கண்ணா, நட்டு உருண்டு போவுது," என்றான். அவ்வளவு உயர்த்தினால் ஸ்பேனரை எடுக்கும்போது விரல் இடிக்கும் என்றார் மேஸ்திரி. முக்கால் இஞ்ச் என்று முடிவானது. விளிம்பைக் கூர்மையாக விடாமல் உள்பக்கம் மடித்து அடித்துத் தருவதாகச் சொல்லி, பட்டறைக்காரர் தகடு வெட்டப் போனார்.