இரண்டரை நம்பர் ரீட்

"கிளாரினெட் வாசிக்கிறேன்" என்று சொன்னால் எங்கள் கல்லூரியில் பாதிப் பேர், "கறுப்பா நாதஸ்வரம் மாதிரி இருக்குமே, அதுவா?" என்பார்கள். மீதிப் பேர், "கல்யாண பேண்டு செட்டா?" என்பார்கள். ரெண்டுக்குமே ஆமாம் என்றுதான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கிறவன் காஸ்ட் அக்கவுண்டிங்கை ஓரமாக வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போன மாதம் வாங்கிய ஒரு மவுத்பீஸ். உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்புத் துண்டு. அரசு உதவி பெறும் கல்லூரியில் நான் கட்டுகிற ஒரு செமஸ்டர் ஃபீஸை விட விலை அதிகம். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம். ஒன்றுதான் வாங்க முடியும், வாங்கினால் நாலைந்து வருஷத்துக்கு அதுதான். ஆகவே கொஞ்சம் ஆராய்ச்சி நடந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் தெரியாதவர்களுக்காக. கிளாரினெட்டின் வாயில் வைக்கிற முனைதான் மவுத்பீஸ். அதன் ஒரு பக்கம் தட்டையாக, திறந்து இருக்கும். அதன் மேல் ஒரே ஒரு நாணல் தகட்டை வைத்து லிகேச்சர் என்கிற பட்டையால் இறுக்கிவிடுவோம். அந்தத் தகடுதான் ரீட். நாதஸ்வரச் சீவாளியில் இரண்டு இதழ்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும். இங்கே ஒரு இதழ்தான். எதிரே மவுத்பீஸ் அசையாமல் நிற்கிறது. ரீட்டின் நுனிக்கும் மவுத்பீஸின் நுனிக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு இடைவெளி. ஊதும்போது ரீட் அந்த வாசலை வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை திறந்து மூடுகிறது. அவ்வளவுதான் சமாச்சாரம்.

இந்த இடைவெளிதான் கடையில் நம்மைக் குழப்புகிற முதல் எண். ஆரம்பப் பாடக்காரர்கள் எல்லோரும் வைத்திருக்கிற யமஹா 4சி-யில் அது 1.05 மி.மீ. பிரான்சின் வான்டோரன் கம்பெனியின் பி45-ல் சுமார் 1.2 மி.மீ. அதே கம்பெனி ஜாஸ்காரர்களுக்காகச் செய்கிற 5ஜேபி-யில் 1.47 மி.மீ. மில்லிமீட்டரில் பாதிகூட வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஊதிப் பார்த்தால் தெரியும், மூன்றும் மூன்று வாத்தியம். இரண்டாவது எண், ரீட்டை விட்டு மவுத்பீஸ் வளைய ஆரம்பிக்கிற இடத்திலிருந்து நுனி வரை உள்ள நீளம். நீளம் அதிகமானால் ரீட்டின் பெரிய பகுதி ஆடும்.

ரீட் பெட்டியின் மேல் 2, 2½, 3, 3½ என்று போட்டிருப்பார்கள். இது ரீட்டின் தடிமன் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரே மாடலில் எல்லா ரீட்டையும் ஒரே அளவில்தான் சீவுகிறார்கள். நாணல் செடியாயிற்றே, ஒவ்வொரு தண்டும் ஒவ்வொரு மாதிரி விறைப்பு. சீவிய பிறகு எவ்வளவு வளைகிறது என்று பார்த்துத்தான் எண் பிரிக்கிறார்கள். ஒரு கம்பெனியின் 2½ இன்னொரு கம்பெனியின் 2½ ஆகாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வாசல் அகலமாக இருந்து ரீட்டும் விறைப்பாக இருந்தால், அதை மூடவே நம் மூச்சு போய்விடும். சத்தத்தை விடக் காற்றுதான் அதிகம் வரும். வாசல் சின்னதாக இருந்து ரீட்டும் மெத்தென்று இருந்தால், கொஞ்சம் அழுத்தி ஊதியதுமே ரீட் போய் ஒட்டிக்கொண்டு சத்தம் நின்றுவிடும். ஆகவே அகல வாசலுக்கு மெல்லிய ரீட், குறுகிய வாசலுக்கு விறைத்த ரீட். "எந்த மவுத்பீஸ் நல்லது?" என்று தனியாகக் கேட்பதும், "எந்த ரீட் நல்லது?" என்று தனியாகக் கேட்பதும் வீண். ஜோடியாகத்தான் கேட்க வேண்டும், கல்யாணப் பொருத்தம் மாதிரி.

காமர்ஸ்காரன் புத்தி இங்கே எட்டிப் பார்க்கிறது. மவுத்பீஸ் மூலதனச் செலவு. ரீட் மாதா மாதம் வருகிற நடப்புச் செலவு. மூலதனத்தை ஒருமுறை சரியாகப் போட்டுவிட்டு, மற்ற சமாதானங்களையெல்லாம் நடப்புச் செலவில் செய்துகொள்வதுதான் என் மாதிரி ஆளுக்குக் கட்டுப்படியாகும்.

சரி, எந்த ஜோடி? அங்கேதான் பிரச்சினை. இதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிற முக்கால்வாசிப் பேர் மனதில் வைத்திருப்பது சிம்பனி இசைக்குழுவை. அவர்களுக்கு வேண்டியது உருண்டு திரண்ட, கூர்மை இல்லாத, மற்ற வாத்தியங்களோடு கரைந்துபோகிற நாதம். அதற்காகக் குறுகின வாசல், விறைத்த ரீட் என்று போவார்கள். ஜெர்மனியில் இன்னும் ஒரு படி மேலே. அங்கே பழைய வழக்கத்தில் நிற்கிறவர்கள் ரீட்டை உலோகப் பட்டைக்குப் பதிலாகக் கயிறு சுற்றியே கட்டுகிறார்கள். அவர்கள் இசைக்கு அது அழகுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு இங்கே, "நான் மூன்றரைக்குப் போய்விட்டேன், நீ இன்னும் இரண்டரையா?" என்று பெருமை பேசுகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் மாஸ்டர் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்: "ஏலே, ரீட்டுல போட்டிருக்க நம்பரு நீ படிக்கிற க்ளாஸ் இல்லலே, வருசா வருசம் ஏறிக்கிட்டே போறதுக்கு."

எனக்கு வேண்டியது கமகம். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்கு விரலைத் துளையின் மேல் மெல்ல மெல்ல நகர்த்த வேண்டும், கூடவே வாயும் தொண்டையும் ஒத்துழைக்க வேண்டும். வெளிநாட்டிலும் இது தெரியாத வித்தை இல்லை. 1924 பிப்ரவரியில் நியூயார்க்கில் கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் ப்ளூ' அரங்கேறியபோது, ராஸ் கார்மன் என்ற கிளாரினெட்காரர் தொடக்கத்தில் கீழிருந்து மேலே ஒரே இழுப்பாக இழுத்தது இன்று வரை பிரபலம். ஒத்திகையில் விளையாட்டாகச் செய்தாராம், கெர்ஷ்வினுக்குப் பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் இந்த வழுக்கலை அளந்தே பார்த்து 2009-ல் கட்டுரை வெளியிட்டார்கள். மேல் ஸ்தாயியில் வாசிப்பவர் தன் தொண்டையையும் நாக்கையும் மாற்றி ஸ்வரத்தைக் கீழே இழுக்கிறார். வெறும் விரல் வேலை இல்லை என்கிறது அது. ரீட் விறைத்துக்கொண்டு நின்றால் தொண்டை சொல்வதை அது எங்கே கேட்கப் போகிறது? அகல வாசல், மெல்லிய ரீட் என்கிற பக்கம் நான் சாய்ந்தது இதனால்தான்.

நம் ஊரில் இதற்கு நீண்ட பரம்பரையே உண்டு. சதிர்க் கச்சேரிகளின் சின்ன மேளத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே கிளாரினெட் வந்துவிட்டது. அதைத் தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்த்தியவர் திருச்சி ஏ.கே.சி. நடராஜன். 1931-ல் பிறந்தவர். 2022-ல் பத்மஸ்ரீ வாங்கினார். அவர் வாசித்த ஒரு ஆலாபனையைக் கேட்டுவிட்டு, உடனே ஒரு சிம்பனி கிளாரினெட்டைக் கேளுங்கள். ஒரே கருவி என்று சத்தியம் செய்தால்தான் நம்புவீர்கள்.

ஆனால் என் காதில் இருப்பது எங்கள் மாஸ்டரின் நாதம். சரியாகச் சொன்னால், அது என் காதில் இல்லை, அவர் காதில் இருக்கிறது. பாளையங்கோட்டைப் பக்கம் நாற்பது வருஷம் கோயில் கொடை, கல்யாண ஊர்வலம், அசனம் என்று வாசித்தவர். இப்போது மேல் வரிசை முழுக்கக் கட்டின பல். கிளாரினெட்டில் மேல்பல் மவுத்பீஸின் மேல் அழுந்தி உட்கார வேண்டும். பல்செட் நகர்ந்துவிடுகிறது. வாசிப்பதை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. ரெக்கார்டிங் எதுவும் கிடையாது. ஊர்வலத்தில் வாசிக்கிறவரை யார் ரெக்கார்டு பண்ணினார்கள்? ஒரே ஒரு கல்யாண வீடியோ கேசட் கிடைத்தது. அதில் மாஸ்டர் கன்னம் உப்ப ஊதுகிறார், வீடியோக்காரர் அதன் மேல் சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிட்டார். ஆக, மாஸ்டர் வாயால் சொல்லித்தான் அந்த நாதத்தை நான் பிடிக்க வேண்டும்.

அவரது பழைய மவுத்பீஸ் இருக்கிறது. நுனியில் ஒரு ஓரம் உடைந்தது. மேலே பெயர், எண் எல்லாம் தேய்ந்துபோயிருக்கிறது. மெக்கானிக் ஷாப் நண்பனிடம் ஃபீலர் கேஜ் வாங்கி வந்து, தட்டைப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, உடையாத ஓரத்தில் இடைவெளியை அளந்தேன். 1.2-க்குக் கொஞ்சம் மேலே நின்றது. கம்பெனி அளக்கிற துல்லியம் இதில் வராது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் திசை தெரிந்துவிட்டது.

பிறகு தேர்வு. என் 4சி, ஒரு நண்பனிடம் கேட்டு வாங்கிய பி45, கூடவே 2, 2½, 3 என்று மூன்று ரீட். ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு எங்கள் சர்ச்சின் காலி மண்டபத்தில் ஒரு கோடியில் நான், மறுகோடியில் மாஸ்டர், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. தூரத்துக்குக் காரணம் உண்டு. வாசிக்கிறவனுக்குப் பல் வழியாக, மண்டை ஓடு வழியாகவும் சத்தம் போகிறது. தன் நாதம் வெளியே எப்படிக் கேட்கிறது என்று அவனுக்கு ஒழுங்காகத் தெரியாது. நீங்கள் சோதிக்கும்போதும் யாரையாவது தூரத்தில் நிறுத்துங்கள். ஆள் கிடைக்காவிட்டால் போனைத் தூரத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். வேகமாக வாசித்துக் காட்டாதீர்கள், அதில் எல்லா மவுத்பீஸும் நல்லவனாகத் தெரியும். ஒரே ஸ்வரத்தை மிக மெதுவாக ஆரம்பித்து வளர்த்துக் குறையுங்கள். கிளாரினெட்டின் நடுவில் தொண்டை ஸ்வரங்கள் என்று நாலைந்து உண்டு, இயல்பிலேயே சோகையானவை. எந்த ஜோடி அவற்றையும் கேட்கும்படி ஆக்குகிறதோ அதற்கு ஒரு மார்க் அதிகம் போடலாம்.

4சி-யில் மூன்று ரீட்டுக்கும் மாஸ்டர், "அது இல்லலே" என்றார். பி45-ல் 3 போட்டபோது, "சர்ச்சுக்கு இருக்கட்டும்" என்றார். 2½ போட்டுத் தோடியில் காந்தாரத்தை அசைத்தபோது உடனே ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொருக்கா வாசி" என்றார். திரும்ப வாசித்தேன். "இன்னும் கொஞ்சம் நாயனம் சேரணும், ஆனா இதுதான்" என்றார்.

அந்த "நாயனம்" முழுசாக ஒருநாளும் வராது என்பது வேறு விஷயம். நாதஸ்வரத்தின் உள்துளை போகப் போக விரிகிறது. கிளாரினெட்டினுடையது பெரும்பாலும் நேர்க்குழாய். அதனால் கீழ் ஸ்தாயியில் ஒற்றைப்படை மேற்சுரங்கள் ஓங்கி நின்று ஒரு உட்குழிவான சத்தம் வரும். அதை எந்த மவுத்பீஸும் மாற்றாது. 1.47 வாங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் கிட்டே போயிருக்கலாமே என்று கேட்கலாம். போயிருக்கலாம். பாடகர் குழுவோடு சேர்ந்து அடக்கி வாசிக்க அது இடம் கொடுக்காது, இரண்டாவது மவுத்பீஸுக்கு என்னிடம் காசும் கிடையாது. ஆகவே ஒரே பி45. கமகத்துக்கு 2½, ஞாயிற்றுக்கிழமைக்கு 3.

ரீட் விஷயத்தில் பொறாமை என்றால் நாதஸ்வரக்காரர்கள் மேல்தான். திருவாவடுதுறையில் சீவாளி செய்கிறவரிடம் போய், எனக்கு இப்படி வேண்டும் என்று கேட்டு வாங்கலாம். எனக்கோ பிரான்சில் வெட்டிப் பெட்டியில் அடைத்து வருகிற பத்து. அந்தப் பத்தில் உடனே பேசுவது மூன்று நான்கு. மற்றவற்றைத் தூக்கிப் போட மனம் வராது. ரீட்டை நுனிக்கு மேலே ஒரு மயிரிழை ஏற்றிக் கட்டினால் கொஞ்சம் விறைக்கும், இறக்கிக் கட்டினால் இளகும். பிடிவாதமாக விறைக்கிறதை மிக நைசான உப்புத்தாளில் இரண்டு தேய். புதுசை முதல் நாளே ஒரு மணி நேரம் வாசிக்காமல், ஐந்து ஐந்து நிமிஷமாகச் சில நாள் பழக்குகிறேன். நான்கை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றும் கூட நாள் வருகிறது. வாசித்ததும் துடைத்துத் தட்டையாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நுனி அலை அலையாக நெளியும். மவுத்பீஸைச் சுடுதண்ணீரில் மட்டும் கழுவாதீர்கள். எபோனைட் நிறம் மாறிவிடும், வடிவமும் கோணலாம்.

பிளாஸ்டிக் ரீட் பற்றிக் கேட்பீர்கள். கனடாவில் 1998-ல் தொடங்கிய லெஜேர் கம்பெனியின் ரீட் நெடுநாள் வரும், நனைக்கவும் வேண்டாம். ஒரு ரீட்டுக்கே விலை அதிகம் என்பதால் நான் தொடவில்லை. மே மாதத் திருநெல்வேலி வெயிலில் நாணல் காய்ந்து சுருங்கும்போது மட்டும் சபலம் வருகிறது.

இப்போதைய பெட்டியில் நான்கு தேறியிருக்கிறது. அதில் மாஸ்டருக்குப் பிடித்த ஒன்றின் பின்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போகும்போது மட்டும் அதைக் கட்டுவது. மேல் ஷட்ஜத்தில் இன்னும் கீச்சென்கிறது. "அது ரீட்டு இல்லலே, உன் கழுத்து" என்கிறார்.