உறையாமல் உறைவது

சில ஆண்டுகளுக்கு முன், மாமல்லபுரத்தை அடுத்த ஒரு பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றினேன். ஒருநாள் மாலை, என் மாணவன் ஒருவன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விபத்துக்குள்ளானான். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவனைக் கொண்டு சென்றோம். அவன் குப்பத்து இளைஞர்கள் பத்துப்பேர் குருதி கொடுக்க ஓடிவந்தனர்.

கொடையாகப் பெற்ற குருதியில் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி, மலேரியா போன்ற நோய்களின் கிருமிகள் இல்லை என்று உறுதிசெய்த பின்னரே பிறருக்குச் செலுத்துவர். அதற்குச் சில மணி நேரமாகும்; அவனுக்கோ அவ்வளவு நேரமில்லை. அவன் உடலில் ஏறியவை, குருதி வங்கியில் காத்திருந்த சிவப்பணுக்கள். பையின்மேல் இருந்த நாளைப் பார்த்தேன். மூன்று வாரங்களுக்கு முன் யாரோ கொடுத்தது!

மீனவரான அவன் தந்தை, ஆய்வகப் பணியாளரிடம், “ஏம்மா, மீனைப் போல ஐஸ்ல போட்டு வச்சிருந்தீங்களா?” என்று கேட்டார்.

“ஐஸ் நேராப் படக் கூடாதுங்க ஐயா, உறைஞ்சா அணு உடைஞ்சிடும்” என்றார் அந்தப் பெண்.

பெட்டியில் இருக்கும் மீன் உயிரற்றது. பையில் இருக்கும் சிவப்பணுவோ இயங்கிக்கொண்டிருப்பது. 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் குளிரில் அதன் இயக்கம் மெதுவாகுமேயன்றி நிற்பதில்லை. ஆகவே, அதற்கு உணவாகக் குளுக்கோசும், ஆற்றலைக் காக்க அடினைனும், குருதி கட்டியாகாமல் தடுக்கச் சிட்ரேட்டும் சேர்க்கின்றனர். முதல் உலகப்போரின்போது, 1917ஆம் ஆண்டிலேயே, ஆஸ்வால்டு ராபர்ட்சன் என்னும் மருத்துவர் சிட்ரேட்டும் குளுக்கோசும் கலந்த குருதியைக் குளிரில் சேமித்துப் போர்வீரர்களுக்குச் செலுத்தினார்.

குருதி கட்டியாவதும் உறைதல்; நீர் பனிக்கட்டியாவதும் உறைதல்; ஓரிடத்தில் தங்கி வாழ்வதும் உறைதலே. முதல் இரண்டையும் தடுத்தால்தான் மூன்றாவது வாய்க்கிறது.

அதற்கும் எல்லை உண்டு. நாள் செல்லச் செல்லச் சிவப்பணுவின் ஆற்றல் குறையும். உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். வளைந்து கொடுக்கும் அதன் உடல் விறைக்கும். இன்று பரவலாகப் பயன்படும் கரைசல்களில் 42 நாள்கள் வரையே அதனைக் காக்க இயலும். அதன்பின், எவர் கொடுத்ததாயினும் அதனைப் பயன்படுத்துவதில்லை. ஒரே நாளில் கூட்டமாகக் கொடுத்துவிட்டு மறந்துவிட்டால் வங்கி வெறுமையாகிவிடும்.

அன்று இருவரிடம் மட்டும் குருதி பெற்றுக்கொண்டு, மற்றவர்களை முறைவைத்து வரச்சொன்னார்கள். அவர்களும் அவ்வாறே வந்தனர். பிழைத்தெழுந்த என் மாணவன், பதினெட்டு வயது நிறைந்ததும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டான். தனக்குக் கொடுத்தவர் யாரென்று அவனுக்குத் தெரியாது. தான் கொடுப்பது யாருக்கென்றும் தெரியாது.