சில்லி சிக்கனின் சொந்த ஊர்

கொல்கத்தாவில் டாக்ஸி ஓட்டுநரிடம் டாங்ரா என்று மட்டும் சொன்னால் போதாது. டாங்ரா பெரிய வட்டாரம். 'சைனா டவுன்' என்று சேர்த்துச் சொன்னால்தான் நகரின் கிழக்கே ஓடும் பைபாஸ் சாலையை விட்டு இறங்கி, சரியான சந்துக்குள் வண்டி திரும்பும். திரும்பியதும் முதலில் தெரிவது சீனம் அல்ல, சுவர். ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் கறுத்த மதில்கள். நடுநடுவே இரும்புக் கதவுகள். சில கதவுகளில் மங்கிப்போன சீன எழுத்துகள். சாப்பிட வந்தோமா, வழி தவறி ஏதாவது கோட்டைக்குள் நுழைந்துவிட்டோமா என்று புதிதாக வருபவர்கள் யோசிக்கிறார்கள். அடுத்த வளைவில் சிவப்பு விளக்குகளும், வாயைப் பிளந்த டிராகனும், கார்களை ஒழுங்குபடுத்தும் காவலாளியும் தென்பட்ட பிறகுதான் நிம்மதி. கண்ணாடிக் கதவைத் திறந்தால் ஏ.சி. குளிரும் பூண்டு வதங்கும் மணமும் ஒன்றாக முகத்தில் மோதுகின்றன.

உள்ளே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பெரும்பாலும் வங்காளிக் குடும்பங்கள். தாத்தா, பாட்டி முதல் பேரக் குழந்தைகள் வரை ஒரே வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். மெனு கார்டை யாரும் நெடுநேரம் படிப்பதில்லை. என்ன வேண்டும் என்பது வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடிவாகிவிட்ட விஷயம். ஸ்வீட் கார்ன் சூப், சில்லி சிக்கன், பூண்டு போட்ட இறால், மிக்ஸ்டு ஃப்ரைட் ரைஸ், ஹக்கா நூடுல்ஸ். பணியாளர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: டிரையா, கிரேவியா? ஒரு பிளேட் என்று வருவது மூன்று பேருக்குப் போதும். மீதியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போவதில் யாருக்கும் கூச்சமில்லை.

கல்லாவில் ஒரு சீன அம்மையார். வாடிக்கையாளர்களிடம் வங்காளி, பணியாளர்களிடம் இந்தி, உள்ளே எட்டிப் பார்க்கும் கணவரிடம் ஹக்கா என்று மாற்றி மாற்றிப் பேசியபடியே பில் போடுகிறார். இப்படிப்பட்ட காட்சியை டாங்ராவின் எந்தக் குடும்ப ரெஸ்டாரண்டிலும் பார்க்கலாம். ஆனால் எத்தனை நாளைக்கு?

இந்தக் கேள்வி கொஞ்சம் வேடிக்கையாகக்கூடத் தோன்றும். சைனீஸ் உணவுக்கு இந்தியாவில் என்ன குறை? காரைக்குடியானாலும் கான்பூரானாலும் பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரு தள்ளுவண்டி, அதில் சிவப்புப் பெயின்ட்டில் 'சைனீஸ்', பெரிய இரும்புச் சட்டியில் கரண்டியால் தட்டும் சத்தம். கல்யாணப் பந்தியில் அவியலுக்குப் பக்கத்திலேயே கோபி மஞ்சூரியன் வந்து உட்கார்ந்துவிட்டது. உணவு பத்திரமாக இருக்கிறது. அதை உண்டாக்கியவர்களின் கதைதான் வேறு.

டாங்ராவின் மதில்களுக்குக் காரணம் தோல். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அப்போது நகருக்கு வெளியே சதுப்பு நிலமாகக் கிடந்த இந்தப் பகுதிக்கு வந்து தோல் பதனிடத் தொடங்கினார்கள் தென் சீனத்தின் ஹக்கா மக்கள். சாதி இந்துக்கள் தொடாத தொழில். நாற்றம் பிடித்த தொழில். ஹக்காக்களுக்கு அந்தத் தீட்டு எதுவும் கிடையாது. கல்கத்தாவுக்கு வந்த மற்ற சீனர்கள் ஆளுக்கொரு தொழிலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கான்டன் பகுதியினர் தச்சர்கள், ஹூபே மாகாணத்தினர் பல் வைத்தியர்கள். ஹக்காக்கள் பதனிட்ட தோல் அவர்களுடைய உறவினர்களின் கையாலேயே பென்டிங்க் தெருவில் செருப்பாகவும் ஷூவாகவும் ஆயிற்று. ஆலைகளில் கூலி வேலை செய்ய பீகாரிலிருந்து தோல் தொழில் செய்யும் சாதியினர் வந்தார்கள். ஆலை முன்னால், வீடு பின்னால் அல்லது மாடியில், சுற்றிலும் மதில். இந்த வாழ்க்கையை நேரில் தங்கி ஆராய்ந்து எல்லன் ஆக்ஸ்ஃபெல்ட் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1993-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

'ஹக்கா' என்ற சொல்லுக்கே 'விருந்தாளிக் குடும்பம்' என்றுதான் பொருள். பல நூற்றாண்டுகளுக்கு முன் வட சீனத்திலிருந்து தெற்கே இறங்கி வந்தவர்களுக்கு அங்கிருந்தவர்கள் வைத்த பெயர் அது. வந்து எத்தனை தலைமுறை ஆனாலும் விருந்தாளி விருந்தாளிதான்! சொந்த நாட்டிலேயே ஒட்டிக்கொண்ட அந்தப் பெயர் கல்கத்தாவிலும் அவர்களை விடவில்லை.

சீனர்கள் கல்கத்தாவுக்கு வந்த கதை தோலுக்கும் முந்தியது, அதில் இனிப்பு இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டாங் அச்சியூ என்பவர் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்று, ஹூக்ளி நதிக்கரையில் பஜ்பஜ் அருகே கரும்பு பயிரிட்டு ஆலை வைத்தார். அந்த இடம் இன்றும் அவர் பெயரால் அச்சிப்பூர். குதிரை லாடம் போல வளைந்த அவரது செந்நிறச் சமாதிக்குச் சீனப் புத்தாண்டையொட்டி கொல்கத்தாச் சீனர்கள் போய் ஊதுவத்தி கொளுத்திவிட்டு வருகிறார்கள். நம் தென் மாவட்டங்களில் சர்க்கரையைச் 'சீனி' என்கிறோம். வதக்கும் பாத்திரத்தைச் 'சீனச்சட்டி' என்கிறோம். சில்லி சிக்கன் வருவதற்கு எவ்வளவோ முன்பே தமிழ்ச் சமையலறைக்குள் சீனம் நுழைந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

தோல் ஆலைக்கு வந்து போகிறவர்களுக்கு முன்னறையில் சாப்பாடு போட்டு, பிறகு நாலு மேஜை போட்டு, அதன் பிறகு பலகை மாட்டி என்று படிப்படியாக டாங்ராவில் உணவு வியாபாரம் வளர்ந்தது. ஆலையின் நாற்றத்துக்கு நடுவே வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து சாப்பிட்ட காலம் அது. நகரத்துக்குள் அதற்கு முன்பே சீன உணவகங்கள் இருந்தன. கணேஷ் சந்திர அவென்யூவில் பெட்ரோல் பங்க் ஒன்றின் மாடியில் இயங்கிய 'ஓ சியூ' 1920-களைச் சேர்ந்த குடும்பக் கடை. நடுவில் கரி எரியும் குழாய் வைத்த பாத்திரத்தில் அங்கே பரிமாறப்படும் 'சிம்னி சூப்'புக்குத் தனி ரசிகர்கள். ஆனால் கூட்டம் கூட்டமாக ரெஸ்டாரண்டுகள் முளைத்தது டாங்ராவில்தான். அதற்கு ஒரு தீர்ப்பும் உதவியது.

1996 டிசம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம், டாங்ரா, டில்ஜலா, தோப்சியா, பாக்லாடாங்கா பகுதிகளில் இருந்த சுமார் 550 தோல் ஆலைகளை நகருக்கு வெளியே பான்தலாவுக்கு மாற்ற உத்தரவிட்டது. கழிவு நீர்தான் வழக்கு. தமிழ் வாசகர்களுக்கு இது புதிதல்ல. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம்தான் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கிலும் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. இடம் மாறப் பல ஆண்டுகள் பிடித்தன. சில சீனக் குடும்பங்கள் பான்தலாவுக்குப் போயின. போக மனமில்லாதவர்கள் ஆலையை வாடகைக் கிடங்காக்கினார்கள், அல்லது தொட்டிகளை மூடிவிட்டு டைல்ஸ் பதித்தார்கள். நேற்று தோல் காய்ந்த கூடத்தில் இன்று மீன் தொட்டியும் வட்ட மேஜையும். உயரமான கூரைக்கும் அகன்ற கூடத்துக்கும் அர்த்தம் இப்போது புரியும்.

அங்கே பரிமாறப்படுவது சீன உணவுதானா என்று கேட்பவர்கள் உண்டு. பெய்ஜிங்குக்கோ ஷாங்காய்க்கோ போய் வந்தவர்கள் இதில் ரொம்பத் தீவிரம். அங்கே சில்லி சிக்கனே கிடையாது என்று கண்டுபிடித்துச் சொல்வார்கள். உண்மைதான். பச்சை மிளகாய், பூண்டு, இஞ்சி ஆகியவற்றை வதக்கி, சோயா சாஸ் விட்டு, சோளமாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கும் இந்த முறை கல்கத்தாவின் நாக்குக்காகச் செய்யப்பட்டது. மஞ்சூரியனின் பிறப்பும் இதே வழிதான். கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்ற சமையல் கலைஞர் 1975-ல் பம்பாய் கிரிக்கெட் கிளப்பில், மெனுவில் இல்லாத ஏதாவது கொடு என்று கேட்ட வாடிக்கையாளருக்காகக் கோழித் துண்டுகளைப் பொரித்து, கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸ் விட்டு அதைச் செய்தார் என்பது அவரே சொல்லிவரும் கதை. மஞ்சூரியாவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் போலி என்று ஒதுக்குவது நியாயமல்ல. மிளகாயே போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த சரக்கு. அதற்காகச் செட்டிநாட்டுக் கோழி வறுவலைப் போலி என்கிறோமா?

டாங்ராவின் சீனக் காளி கோயிலுக்குப் போனால் இந்தக் கலப்பு இன்னும் தெளிவாகும். மாலை ஆரத்தி, வங்காளிப் பூசாரி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடும் சீனர்கள். நைவேத்தியத்தில் நூடுல்ஸும் சாப்ஸுயியும் உண்டு.

இப்படியெல்லாம் ஊரோடு கலந்த பிறகும், 1962 அக்டோபரில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போர் மூண்டபோது அது எதுவும் கணக்கில் வரவில்லை. இந்தியாவில் பிறந்திருந்தாலும் பெற்றோரோ தாத்தா பாட்டியோ எதிரி நாட்டவராக இருந்தால் அந்நியராக நடத்தலாம் என்று சட்டம் வந்தது. அஸ்ஸாம், வடக்கு வங்காளம் ஆகிய பகுதிகளிலிருந்து சுமார் 3,000 சீன வம்சாவளியினரைப் பிடித்து ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். கைக்குழந்தைகளும் கிழவர்களும் அதில் அடக்கம். போர் ஒரே மாதத்தில் ஓய்ந்தது. முகாம் காலியாக 1967 ஆயிற்று. வெளியே வந்தபோது பலருடைய வீடும் கடையும் ஏலத்தில் போயிருந்தன. கல்கத்தாச் சீனர்களில் பெரும்பாலோர் முகாமுக்குப் போகவில்லை என்றாலும், காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடுவதும், வெளியூர் போக அனுமதிக்கு அலைவதும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தன. அஸ்ஸாமிய எழுத்தாளர் ரீட்டா சௌத்ரியின் 'மாகாம்' நாவல் 2010-ல் வந்த பிறகும், ஜாய் மா, திலிப் டிசூஸா எழுதிய புத்தகம் 2020-ல் வந்த பிறகும்தான் தேவ்லி என்ற பெயரே பலருக்குத் தெரிந்தது. அரசு இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

ஆனால் டாங்ரா ரெஸ்டாரண்டுகளில் சாப்பிட வருபவர்களிடம் இதை யாரும் பேசுவதில்லை. வியாபாரத்துக்கு நல்லதில்லை என்பது ஒரு காரணம். மறுபடியும் நடக்காது என்ற உறுதி இல்லாதது இன்னொரு காரணம். 2020 ஜூனில் கல்வானில் மோதல் நடந்தபோது, சீன உணவு விற்கும் ரெஸ்டாரண்டுகளைத் தடை செய்ய வேண்டும் என்று மத்திய இணையமைச்சர் ராம்தாஸ் அத்வாலே சொன்னார். சில்லி சிக்கனைத் தடை செய்தால் சீனாவுக்கு என்ன நஷ்டம் என்று நாடே சிரித்தது. டாங்ராவில் சிரிக்க முடியவில்லை. இந்திய ராணுவத்தை ஆதரித்துப் பதாகை பிடித்துத் தெருவில் நின்றார்கள் கொல்கத்தாச் சீனர்கள். மூன்று, நான்கு தலைமுறையாக இங்கே பிறந்தவர்கள் பதாகை பிடித்து நிரூபிக்க வேண்டியிருந்தது.

ஒரு காலத்தில் கல்கத்தாவில் 20,000 சீனர்கள் வரை இருந்ததாகச் சொல்வார்கள். இன்று மிஞ்சியவர்கள் சில ஆயிரம் பேர்தான். 1969-லிருந்து வெளிவந்த சீன மொழி நாளிதழ் 'சியோங் பாவ்' 2020-ல் நின்றுபோனது. எழுத்துக் கோக்க ஆளில்லை, படிக்கவும் ஆளில்லை. டிரெட்டா பஜாரில் விடியற்காலையில் ஆவி பறக்கும் பாவ்களும், மீன் உருண்டை சூப்பும், பன்றி இறைச்சி சாசேஜும் விற்கும் காலைச் சந்தை இன்னும் நடக்கிறது. ஆனால் விற்பவர்களில் சீன முகங்கள் வரவரக் குறைகின்றன. எட்டு மணிக்குப் போனால் எதுவும் மிச்சமிருக்காது என்பது தனிக் கதை.

போனவர்கள் எங்கே? அதிகம் பேர் கனடாவில். குறிப்பாக டொரான்டோவில். அங்கேயும் ரெஸ்டாரண்டுகள் திறந்தார்கள், பலகையில் 'ஹக்கா' என்றே எழுதினார்கள். டொரான்டோவாசிகளுக்கு இன்று 'ஹக்கா' என்றால் ஒரு மக்களின் பெயர் அல்ல. காரம் தூக்கலான இந்திய பாணிச் சீன உணவின் பெயர். ஸ்கார்பரோவில் அதைத் தேடி வருபவர்களில் பஞ்சாபிகளும் குஜராத்திகளும் ஈழத் தமிழர்களும் உண்டு. ஆசியாவின் ஒரு மூலையில் விருந்தாளி என்று பெயர் வாங்கி, இன்னொரு மூலையில் எதிரி என்று பெயர் வாங்கியவர்களை மூன்றாவது நாடு சமையல்காரர்களாக அடையாளம் கண்டுகொண்டது.

டாங்ராவில் மிஞ்சியிருக்கும் கடைகளில் அடுப்படியில் நிற்பவர்கள் இப்போது பெரும்பாலும் நேபாளிகளும் வங்காளிகளும் பீகாரிகளும்தான். கை தேர்ந்தவர்கள். சட்டியை வீசித் தூக்கி, தீயை உள்ளே இழுத்து, ஒரு நிமிடத்தில் நூடுல்ஸை இறக்கும் வித்தையை முதலாளியிடமே கற்றவர்கள். முதலாளியின் பிள்ளைகள் கற்றுக்கொள்ளவில்லை. பெற்றோரும் அதையே விரும்பினார்கள். இரவு பதினொன்றரை வரை எண்ணெய்ப் புகையில் நிற்கும் தொழிலுக்கு மகனையோ மகளையோ யார் இழுத்து வருவார்கள்? பிப்ரவரி வாக்கில் புத்தாண்டுக்கு அந்தப் பிள்ளைகள் விமானமேறி வருகிறார்கள். சந்துக்குள் சிங்க நடனம் ஆடுகிறது, பட்டாசு வெடிக்கிறது, இரும்புக் கதவுகள் அகலத் திறக்கின்றன. ஒன்றிரண்டு வாரங்கள் கழிந்தால் கதவுகள் பழையபடி.

ரெஸ்டாரண்டில் மதிய வியாபாரம் மூன்று மணிக்கு ஓய்கிறது. நாற்காலிகளைத் துடைத்து ஒழுங்குபடுத்துகிறார்கள். பின்பக்க மேஜையில் வீட்டுக்காரர்களின் சாப்பாடு தொடங்குகிறது. வெறும் வெள்ளைச் சோறு, இஞ்சி வைத்து ஆவியில் வேக வைத்த மீன், பூண்டு போட்டுப் புரட்டிய கீரை, உப்பிட்டுப் பதப்படுத்திய கடுகுக் கீரையோடு மெதுவாக வெந்த பன்றிக் கறி. மிளகாய் இல்லை, சோளமாவு இல்லை. மெனு கார்டில் எதுவும் இல்லை. வாடிக்கையாளர் யாராவது அந்த நேரத்தில் நுழைந்து ஆவலோடு பார்த்தால், கல்லா அம்மையார் எழுந்து வந்து, அடுப்பு அணைந்துவிட்டது, ஆறு மணிக்கு வாருங்கள் என்கிறார்.